பத்தாம் இடம் சொல்லும் பாடம்

ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, 2025-ம் வருஷத்து ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயத்தில் 10-வது இடத்துக்குப் போயிற்று. பந்தயத்தில் கலந்துகொண்ட அணிகளே மொத்தம் பத்துதான்! 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வி. 2008-ல் பந்தயம் தொடங்கியதிலிருந்து இந்த அணி கடைசி இடத்தைக் கண்டது அதுவே முதல் தடவை.

பணக்காரர்கள் நடத்தும் பந்தயம். இதில் ஏழைக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் போய்ப் பார்க்க வேண்டும். பட்டறையில் வேலை செய்பவர், 2025-ல் 1,700 ரூபாயாக இருந்த மிகக் குறைந்த விலை டிக்கெட்டை வாங்குகிறார். அது அவருக்குப் பல நாள் கூலி. பிள்ளைக்கு மஞ்சள் சட்டை மாட்டி மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு வந்து, அங்கிருந்து சேப்பாக்கம் போகிறார். ஆட்டம் முடிந்து வீடு சேரும்போது நடுநிசி தாண்டிவிடுகிறது. காலையில் மறுபடியும் வேலை. இத்தனை அபிமானம் வைத்தவருக்குத் தோல்விக்குக் காரணம் கேட்க உரிமை உண்டு.

கோட்டையில் விழுந்த ஓட்டை

சேப்பாக்கம் சென்னை அணியின் கோட்டையாக இருந்தது. 2025-ல் மும்பையை அங்கே தோற்கடித்துத்தான் அணி கணக்கைத் தொடங்கியது. அதன் பிறகு அதே மைதானத்தில் வரிசையாக 5 தோல்விகள்! 2008-க்குப் பிறகு அங்கே வெற்றி காணாத பெங்களூரு வென்றது. 2010-க்குப் பிறகு வெற்றி காணாத டெல்லி வென்றது. அந்த மண்ணில் ஒரு முறைகூட வென்றிராத ஹைதராபாத்தும் வென்றது. ஏப்ரல் 11-ம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் ஆடிச் சென்னை எடுத்தது 103 ஓட்டங்கள். எதிராளிகள் 59 பந்துகள் மீதம் இருக்கும்போதே வெற்றியை எட்டிவிட்டார்கள். ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடம் தோற்றதோடு அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் போயிற்று.

கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு விலகியது பெரிய இழப்புதான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் விலகுவதற்கு முன்பே அணி வரிசையாக 4 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அவருக்குப் பதிலாக யாரைக் கேப்டனாக்குவது என்ற கேள்வி வந்தபோது, 43 வயதான தோனியிடமே மறுபடி போக வேண்டியிருந்தது. அடுத்த வரிசை தயாராக இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கதவைத் திறந்தது காயம்

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில், பழகிய பெயர்களையே அணி அதிகம் நம்பியது. 38 வயதான அஸ்வினுக்கு 9.75 கோடி ரூபாய் கொடுத்தது. ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் ஆகியோரும் வந்தார்கள். எல்லோரும் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள். ஆனால் பெயர் வேறு, இன்றைய வேகம் வேறு. அதே ஏலத்தில் 10 கோடிக்கு வாங்கிய 20 வயது நூர் அகமது 24 விக்கெட்டுகளைச் சாய்த்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீசனின் பிற்பகுதியில் மூன்று பேர் மின்னினார்கள். மூவரையும் அந்த ஏலத்தில் சென்னை எடுக்கவில்லை. ருதுராஜ் இடத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் விளாசினார். குர்ஜப்னீத் சிங் காயமடைந்ததால் டிவால்ட் பிரேவிஸ் வந்தார். வன்ஷ் பேடி காயமடைந்ததால் உர்வில் படேல் வந்தார். மே 25-ம் தேதி ஆமதாபாத்தில் மூவரும் அடித்து ஆடிய ஆட்டத்தில், சென்னை 230 ஓட்டங்கள் குவித்துக் குஜராத்தை 83 ஓட்டங்களில் வென்றது. ஆனால் அது கடைசி ஆட்டம்! யோசனை திறக்காத கதவைக் காயம் திறந்துவிட்டது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள சிறு பட்டறை முதலாளிக்கும் இந்த விஷயம் தெரியும். லேத்து மிஷினில் கைதேர்ந்த மேஸ்திரி ஓய்வு பெறும் நாளில் அவர் ஆள் தேட மாட்டார். பல வருஷம் முன்பே ஒரு அப்ரண்டிஸ் பையனைப் பக்கத்தில் நிறுத்துவார். பையன் நாலு உருப்படியைக் கெடுப்பான். ஐந்தாவதைச் சரியாகக் கடைவான். பெரியவர் கூடவே இருப்பதால்தான் அவன் கற்றுக்கொள்கிறான். பெரியவர்களை விரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் இருக்கும்போதே இளைஞர்களை இறக்கிவிட வேண்டும்.

ரசிகர்களின் பங்கு

ரசிகர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். தோனி மட்டை பிடித்து வருவதைப் பார்க்கும் ஆசையில், முன்னால் ஆடுகிற சொந்த அணிக்காரர் அவுட்டானால் கை தட்டுகிற வழக்கம் சேப்பாக்கத்தில் வளர்ந்துவிட்டது. ஆட்டமிழந்து தலை குனிந்து வருகிற வாலிபன் காதில் அந்தக் கைதட்டல் எப்படி விழும்? ஒருவரைக் கொண்டாடுவது நன்றி. அதற்காக மற்றவர்களைச் சிறுமைப்படுத்தலாமா?

2025 நவம்பரில் அணி ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு விட்டுக்கொடுத்து சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தது. டிசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது. பாடம் காதில் விழுந்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் கோடிகளைக் கொட்டுவது மட்டும் பயிற்சி ஆகாது. இரண்டு ஆட்டத்தில் தவறினால் மூன்றாவதில் உட்கார வைக்காத பொறுமை நிர்வாகத்துக்கு வேண்டும். ஏலத் தொகையைச் சொல்லிக் கேலி செய்யாத பொறுமை ரசிகர்களுக்கும் வேண்டும்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்னிஸ் பந்து வைத்து ஆடுகிற பையன்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். திறமை இருந்தால் காலத்தில் இடம் கிடைக்கும் என்று அவர்கள் நம்ப வேண்டும். யாருக்காவது அடிபட்டால்தான் நம் முறை வரும் என்று எந்தப் பையனும் காத்திருக்கக் கூடாது.