சந்தாவா? சொந்தமா?

6,000 கோடி ரூபாய்! ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று பெயர் சூட்டி, 2024 நவம்பர் 25-ஆம் நாள் டில்லி அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தின் விலை இது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்வு ஏடுகளை, அரசினர் நடத்தும் 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள் 2025, 2026, 2027 ஆகிய மூன்றாண்டுகள் கணிப்பொறித் திரையிலே படிக்கலாம் என்பது ஏற்பாடு. பயன் பெறுவோர் 1.8 கோடிப் பேர் என்றும் கணக்குச் சொன்னார்கள்.

நல்லதுதானே என்பார்கள். கெட்டது என்று நாமும் சொல்லவில்லை. கூலித் தொழிலாளியின் மகள், சிற்றூர்க் கல்லூரியிலே அமர்ந்து, நேற்றுவரை பெயர்கூடக் கேட்டிராத ஏட்டைத் திறந்து படிக்கிறாள் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி பிறக்காது? கல்லூரிதோறும் தனித்தனியே சென்று ஏமாறுவதைவிட, ஒன்றுகூடிப் பேரம் பேசுவது மேல். சங்கம் கண்ட தொழிலாளிக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. சந்தா முடிந்த மறுநாள் நூலகத்தில் மிஞ்சுவது என்ன?

அந்நாளில் நூலகர் பணம் கட்டினார். ஏடு அஞ்சலில் வந்தது. அடுத்த ஆண்டு பணம் இல்லை என்றாலும், வந்த ஏடு அலமாரியில் இருந்தது. இன்றோ அலமாரி எங்கோ இருக்கிறது. சாவி பதிப்பகத்தான் இடுப்பிலே தொங்குகிறது! நமக்குக் கிடைப்பது எட்டிப் பார்க்கும் உரிமை. “பணம் கட்டிய ஆண்டின் ஏடுகள் என்றும் எமக்கே” என்று ஒப்பந்தத்தில் தனியே எழுதி வாங்கினாலொழிய, சந்தா நின்றால் கதவும் சாத்தப்படும்.

இன்னும் கேளுங்கள். அந்த ஏடுகளில் எழுதுபவர் யார்? பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் பேராசிரியர். பதிப்பகத்தார் அவருக்குக் கூலி தருவதில்லை. கட்டுரை தேறுமா தேறாதா என்று சோதித்துச் சொல்பவரும் பேராசிரியரே. அவருக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. நூல் நெசவாளியுடையது, தறி நெசவாளியுடையது, உழைப்பும் அவனுடையது. துணி மட்டும் முதலாளியுடையதாம்! அதையும் விற்கமாட்டாராம், வாடகைக்கு உடுத்தக் கொடுப்பாராம்! எல்சவியர் என்ற பதிப்பகத்தை நடத்தும் நிறுவனம், இந்த வாணிபத்தில் 100-க்கு 35-க்கும் மேல் இலாபம் காண்கிறது. வட்டிக்கடைக்காரரும் வாய் பிளப்பார்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே பொறுக்க முடியவில்லை. எல்சவியருக்கு ஆண்டுதோறும் 1 கோடி டாலருக்கு மேல் கட்டிவந்த கலிபோர்னியா பல்கலைக் கழகம், 2019 பிப்ரவரியில் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்தது. ஜூலையில் புதிய கட்டுரைகளுக்குக் கதவடைப்பு! ஆனால் பழைய ஏடுகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போகவில்லை; நிலையான உரிமையை முன்பே எழுதி வாங்கியிருந்தார்கள். 2021 மார்ச்சில், தம் பேராசிரியர் எழுதுவதை உலகமே இலவசமாகப் படிக்க வழிசெய்யும் உடன்பாட்டுடன் பேச்சு முடிந்தது.

கலிபோர்னியாவுக்கு வலு உண்டு, நம்மூர்க் கல்லூரிக்கு ஏது என்று கேட்கலாம். நியாயம். ஆனால், தன்னிடம் உள்ளதை மின்வடிவமாக்கச் சந்தா எதற்கு? மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலெட் பக்கார்டு நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ‘டி-ஸ்பேஸ்’ என்ற மென்பொருளுக்கு விலை கிடையாது. இந்நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டிவைத்துள்ள ‘சோத்கங்கா’ அதன்மீதுதான் ஓடுகிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூலுக்கு இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமைத் தடையும் இல்லை.

செலவு பிடிப்பது ஆளுக்கு! பொத்தானைத் தட்டினால் புத்தகம் திரைக்கு வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். புழுதி தட்டி, ஒட்டிய தாளைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, விடுபட்டதைத் திரும்ப எடுத்து, பெயரும் ஆண்டும் பிழையின்றிப் பதிய வேண்டும். பதிவு தவறினால் நூல் இருந்தும் இல்லாததே. எந்திரம் வாங்க ஒருமுறை பணம் தந்துவிட்டு, கைகளுக்குக் கூலி தராமல் விட்டால் எந்திரம் துணி போர்த்தி உறங்கும். ஒரே நூலைப் பத்து நூலகங்கள் படமெடுக்கும் வீண்செலவு வேறு!

கோட்டையூரில் விளம்பரப் பலகைத் தொழில் நடத்தியவர் ரோஜா முத்தையா. அவர் திரட்டிய தமிழ் நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ 1,00,000. 1992-இல் அவர் மறைந்தபின் அதை வாங்க முன்வந்தது சிகாகோ பல்கலைக் கழகம். அள்ளிச் செல்லவில்லை, 1994-இல் சென்னையிலேயே நூலகம் எழுந்தது. நூல்கள் இங்கே தங்கின. நுண்படச் சுருள்களாக நகல் கடல் கடந்தது. பிறகு மின்வடிவப் பணியும் அங்கே வளர்ந்தது. அசல் நம்மிடம், நகல் அவர்களிடம். சந்தாவில் இது தலைகீழ்!

6,000 கோடியை மூன்றாகப் பகுத்தால் ஆண்டுக்கு 2,000 கோடி. அதில் 100-க்கு ஒரு பங்கு 20 கோடி. அந்த ஒரு பங்கையாவது, தன்னிடம் மட்டுமே உள்ள ஏட்டைப் படமெடுக்கும் நூலகங்களுக்கு, ஆள் கூலியாக ஆண்டுதோறும் ஒதுக்கட்டும். சந்தாவைப் புதுப்பிக்கும் மேசையில், பணம் கட்டிய ஆண்டுகளின் ஏடுகள் மீது நிலையான உரிமையை எழுதி வாங்கட்டும். எந்தப் பதிப்பகத்துக்கு எவ்வளவு கொடுத்தோம், எந்த ஏட்டை எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கையும், கையெழுத்திடும் முன்பே, மக்கள் முன் விரிக்கட்டும்.