நிலம் நடுங்கியது, நாவை ஆய்ந்தனர்!

ஓரிடத்தில் நிலம் நடுங்கி வீடுகள் வீழ்ந்தவிடத்து, இடிபாட்டின்கீழ் உயிரோடிருப்பார் உளரோ என்று தேடுவது மாந்தநேயம். வீழ்ந்த வீட்டை எவன் எவ்வாறு கட்டினான் என்று உசாவுவது அறிவு. இவ்விரண்டையும் விட்டுவிட்டு, 'இவ்வேளையைப் பயன்படுத்திக் கொள்ளக் காத்திருப்பவன் எவன்? அவனுடைய அரசியல் நோக்கம் யாது?' என்று தெருமுனையில் நின்று உள்நோக்கம் கற்பித்துக் கொண்டிருப்பதையும் அரசியல் விழிப்பு எனச் சிலர் பெருமை பேசிக் கொள்கின்றனர். அது விழிப்பன்று, கொலைக்கு எழுதும் முன்னுரை. யாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கற்பித்த நோக்கம் இரண்டே நாள்களில் கொலையாக முற்றிய நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. அதிற் கொலைக்கு அளவுகோலாய் நின்றது மாந்தன் நாவினின்று பிறந்த ஒலி. ஆகலின், மொழியை உயிரெனப் போற்றும் நாம் அதனை மறவாது அறிந்திருத்தல் வேண்டும்.

1923-ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்கள் முதல் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமையம் இருக்கையில், சப்பான் நாட்டுக் காந்தோ நிலப்பரப்பு நடுங்கியது. நடுக்கத்தின் அளவு 7.9. தோக்கியோவும் யோக்கோகாமாவும் வீழ்ந்தன. உச்சி வேளையாதலின் வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வலுத்த காற்றும் வீசிக்கொண்டிருந்தது. வீழ்ந்த மரவீடுகளில் தீப்பற்றி மூன்றாம் நாள்வரை எரிந்தது. இறந்தாரும் காணாமற் போனாருமாக ஏறத்தாழ 1,05,000 பேர். அவருள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பே. படையாடைக் கிடங்கிருந்த ஒரு வெற்றிடத்தில் அடைக்கலம் புகுந்தோருள் மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் தீச்சூறையிற் சிக்கி மாண்டனர். செய்தித்தாள் நிலையங்களிற் பெரும்பாலானவை எரிந்தொழிந்தன. வானொலி அந்நாட்டிற்கு அப்போது வந்திலது. ஆகவே காதிற் புகுந்ததே செய்தி. வாய்க்கு வந்ததே சான்று.

அன்று மாலையே புரளி கிளம்பிற்று. கொரியர் தீ வைக்கின்றனர்; கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர்; கொரியர் படைதிரட்டி வருகின்றனர் என்றனர். கொரியா 1910-இல் சப்பானால் விழுங்கப்பட்ட நாடு. 1919 மார்ச்சுத் திங்களில் அம்மக்கள் விடுதலை வேண்டி எழுந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டனர். பிழைப்புத் தேடித் தோக்கியோவிற்கு வந்து மண் சுமந்தவரும் கல் உடைத்தவருமே இப்பொழுது கலகக்காரர் ஆக்கப்பட்டனர். அடக்கியவன் நெஞ்சில் அச்சம் இருந்தது. அவ்வச்சமே அடக்கப்பட்டவன் தலையில் நோக்கமாக ஏற்றப்பட்டது.

புரளி தானே முளைத்தது என்று கைகழுவுவார் உளர். முளைத்தது தானாகவே இருக்கட்டும். நீரூற்றி வளர்த்தவர் யாவர்? அன்று உள்துறை அமைச்சராய் இருந்த மிசுனோ இரெந்தாரோ, அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்வரை கொரியாவை ஆண்ட சப்பானிய ஆட்சியின் தலைமை அலுவலருள் ஒருவர். தோக்கியோக் காவல்துறைத் தலைவர் அகாயிகே அச்சுசியும் கொரியாவிற் காவல்துறையை நடத்தியவரே. செபுதம்பர் 2-ஆம் நாள் தலைநகரிற் படையாட்சி ஆணை பிறந்தது. 3-ஆம் நாட்காலை, உள்துறைக் காவற்பணியகத் தலைவர் பெயரில், புனபாசிக் கடற்படை நிலையத்தினின்று மாவட்ட ஆளுநர் அனைவர்க்கும் கம்பியில்லாத் தொலைவரி பறந்தது. கொரியர் நிலநடுக்கத்தைப் பயன்படுத்தி ஆங்காங்குத் தீ வைத்துத் தம் தீய நோக்கத்தை நிறைவேற்ற முனைகின்றனர். அவர்களைக் கடுமையாகக் கண்காணிக்க என்பது அதன் கருத்து. நோக்கம் என்னும் சொல் அரசின் முத்திரையோடு சிற்றூர்தோறும் சென்ற கதை இது. முன்னாள் படைஞரும் இளைஞரும் தீயணைப்போருமாக ஆயிரக்கணக்கான தற்காவற் குழுக்கள் எழுந்தன. மூங்கில் ஈட்டியும் வாளும் தீயணைப்புக் கொக்கியும் கைக்கு வந்தன.

எம் மாணவர்க்கு யாம் இலக்கணம் கற்பிக்கையில், எழுவாய் மட்டும் நின்றால் தொடர் முற்றுப்பெறாது. பயனிலை வேண்டும் என்போம். அப்புரளியை அவ்விலக்கணத்தால் அளந்து பாருங்கள். 'கொரியர்' என்னும் எழுவாய் இருந்தது. நாட்டைக் கவிழ்த்தல் என்னும் நோக்கமும் ஏற்றப்பட்டது. என்ன செய்தனர் என்னும் பயனிலைதான் எங்கும் இல்லை. நஞ்சிட்ட கிணறு எது? படைதிரண்ட இடம் யாது? எவரும் காட்டினாரிலர். மறு ஆண்டு தெராதா தோராகிகோ என்னும் இயற்பியலறிஞர், ஒரு பெருநகரத்துக் கிணறுகளுக்கெல்லாம் நஞ்சிட வேண்டின் எவ்வளவு நஞ்சு வேண்டும், எத்துணைப் பேர் வேண்டும், அதனை எங்ஙனம் ஈட்டுவது என்று பொதுமக்கள் சற்றே எண்ணிப் பார்த்திருந்தால் போதுமே என்று எழுதினார். பள்ளிப் பிள்ளையும் போடத்தக்க கணக்கு. அதனைப் போட ஆளில்லாமையால் ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

இனித்தான் நம் நெஞ்சைச் சுடும் செய்தி வருகின்றது. கொரியரையும் சப்பானியரையும் முகத்தாற் பிரித்தறிதல் அரிது. ஆகவே நாவை ஆய்ந்தனர். தெருவில் தடையிட்டு, வருவோர் போவோரை நிறுத்திப் பதினைந்து யென் ஐம்பது சென் என்னும் பணத்தொகையைச் சப்பானிய மொழியிற் சொல்லச் செய்தனர். 'சூகோஎன் கோசிச்சென்' என்று அதனை ஒருவாறு நாம் எழுதலாம். ஆயின், அவ்விரு சொற்களின் முதலெழுத்தும் சப்பானியர் வாயில் அதிர்வோடு கூடிய மெல்லோசையாய் ஒலிக்கும். கொரிய மொழியில் சொல்லின் முதலில் அவ்வோசை வாராது. அவ்வல்லெழுத்துகள் சொல்லின் இடையில், அதிர்வொலிகளின் நடுவேதான் மென்மையுறும். எனவே கொரியர் வாயில் அவை வல்லோசையாய் வந்தன. வந்தவன் கொல்லப்பட்டான்.

தமிழன்பர்களே, இவ்வியல்பு யாருடையது என்று எண்ணிப் பார்த்தீர்களா? 'கடல்' என்னும்போது முதற் ககரம் வன்மை. 'தங்கம்' என்னும்போது மெல்லெழுத்தை அடுத்த ககரம் மென்மை. இடத்தால் ஓசை மாறுமேயன்றி அதற்கெனத் தனியெழுத்து நம் நெடுங்கணக்கில் இல்லை. மேலே அப்பணத்தொகையை யாம் எழுதிய எழுத்தைப் பாருங்கள். சகரமும் ககரமுமே எழுதியுள்ளோம். அதனைத் தமிழியல்பாற் படித்த உங்கள் நாவும் வல்லோசையையே எழுப்பியிருக்கும். அன்று அத்தெருவில் நின்றிருந்தால், இதை எழுதியவனும் படித்தவர் பலரும் ஈட்டிக்கு இரையாகியிருப்போம். ஒருவன் தாய்மொழி அவன் நாவிற்குத் தந்த இயல்பையே அவன் செய்த குற்றத்திற்குச் சான்றாக்கினர். இதனினும் கொடிய மொழிப்பகை வேறு யாது?

நாவை ஆயத் தொடங்கியவன் அயலான் நாவோடு நின்றானில்லை. செபுதம்பர் 6-ஆம் நாள், சிபா மாவட்டத்துப் புகுதா என்னும் சிற்றூர்ப் பக்கம், மருந்து விற்று வந்த பதினைவர் நிறுத்தப்பட்டனர். அவர்கள் தொலைவிலுள்ள ககாவா மாவட்டத்தினர், சப்பானியரே. தம் வட்டார வழக்கிற் பேசினர். பேச்சு மாறாக இருக்கின்றதே என்று ஐயுற்ற கூட்டம், பச்சிளங் குழந்தைகளையும் கருவுற்ற பெண்ணையும் உள்ளிட்ட ஒன்பது பேரைக் கொன்று தீர்த்தது. ஒரே மொழியின் கிளைவழக்கும் கொலைக்குப் போதிய சான்றாயிற்று. மாண்டவர் அந்நாட்டில் தாழ்த்தப்பட்ட குலத்தினர் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். ஒறுக்கப்பட்டவர்களோ பின்னர் அரச மன்னிப்பில் வெளிவந்தனர்.

நோக்கத்தை ஆய்வதே தவறென யாம் சொல்லவில்லை. செயல் மெய்ப்பட்ட இடத்தில் நோக்கத்தை ஆய்க. அவ்வாறு ஆய்ந்தால், அந்நாள்களில் மெய்ப்பட்ட செயல்கள் எவை? கமெயிதோக் காவல்நிலையத்திற் பத்துத் தொழிற்சங்கத் தொண்டர்களைப் படைஞர் கொன்றது மெய். செபுதம்பர் 16-இல் ஓசுகி சகாயே என்னும் அரசெதிர்ப்புச் சிந்தனையாளரையும், அவர் துணைவியார் இத்தோ நோயேவையும், ஆறு அகவைச் சிறுவனான மருமகனையும் படைக்காவல் அலுவலர் அமகாசு மசாகிகோ பிடித்துச் சென்று கொன்றது மெய். பத்தாண்டு ஒறுப்புப் பெற்ற அமகாசு 1926-லேயே வெளிவந்து, பின்னர் மஞ்சூரியப் பொம்மையாட்சியில் திரைப்பட நிறுவனத் தலைவராய் அமர்ந்ததும் மெய். செபுதம்பர் 5-ஆம் நாள், துயர்துடைப்புப் பணியகத்தின் காவற்பிரிவு, கொரியர் வன்முறை செய்தனர் என்பதற்கான செய்திகளை முயன்று தேடி அதனை உண்மையென நாட்ட முனைய வேண்டும் என்று முடிவெடுத்ததும் மெய். கொன்றுவிட்டுக் குற்றத்தைத் தேடிய கொடுமை இது! அதே நாளில் தலைமையமைச்சர் யமமோத்தோ, கொரியரைத் துன்புறுத்தலாகாது என்று அறிக்கை விடுத்தார். வெளிநாட்டார் அறிந்தால் நன்றாயிராது என்பதும் அதிற் கூறப்பட்ட கரணியங்களுள் ஒன்று. அரசியல் நோக்கம் வேண்டுமெனத் தேடியவர்களே, இதோ, அது அரசின் கையெழுத்திலேயே கிடக்கின்றது!

'மக்கள் அச்சத்தால் நிலைகலங்கி இருந்தனர். அவர்களைக் குறை கூறலாமா?' என்பார்க்கு ஒரு விடை. அவ்வச்சத்தின் நடுவே சுருமி என்னுமிடத்துக் காவல்தலைவர் ஓகாவா சுனெகிச்சி, சூழ்ந்து நின்று கூவிய கூட்டத்திற்கு அஞ்சாது, ஏறத்தாழ முந்நூறு பேரைக் காவல்நிலையத்துள் வைத்துக் காத்தார். அவரும் அதே நடுக்கத்தைக் கண்டவரே. அதே புரளியைக் கேட்டவரே. கலக்கம் எல்லார்க்கும் பொது. கொலை அவரவர் தெரிவு.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1905-லேயே இமாமுரா அகிச்சுனே என்னும் நிலநடுக்க ஆய்வாளர், ஐம்பது ஆண்டுகட்குள் தோக்கியோவைப் பெருநடுக்கம் தாக்கக்கூடும். தீயால் நூறாயிரம் பேர் அளவில் மடிவர். முன்னேற்பாடு செய்க என்று எழுதினார். மக்களைக் கலக்கும் அடிப்படையற்ற பேச்சு என்று அவருடைய மூத்த அறிஞர் ஓமோரியே அதனை மறுத்தார். மெய்யான எச்சரிக்கை புரளி என்று தள்ளப்பட்டது. பதினெட்டாண்டு கழித்துப் புரளி மெய்யென்று கொள்ளப்பட்டது. நீர்த்தொட்டி கட்டியிருக்க வேண்டிய கைகள் ஈட்டி சீவின.

மாண்டார் எத்தனையர் என்பதில் வழக்குண்டு. நயன்மன்றங்களில் ஏறிய கணக்குச் சில நூறு. கொரிய விடுதலை இதழொன்று அன்று தொகுத்த கணக்கு 6,661. சப்பானிய நடுவணரசின் பேரிடர்த் தடுப்புக் குழுவிற்காக அறிஞர் எழுதிய 2008-ஆம் ஆண்டு அறிக்கை, மொத்தம் இறந்தாருள் நூற்றுக்கு ஒன்று முதற் சில விழுக்காடுவரை இவ்வாறு கொல்லப்பட்டவர் என்கின்றது. அஃதாவது ஆயிரம் முதற் சில ஆயிரம். கொரியரேயன்றிச் சீனரும் அதில் அடங்குவர். எண்ணில் வழக்குண்டு என்பதனால் நிகழ்ச்சியே வழக்கிற்குரியது என்று சொல்வது நேர்மையன்று. ஆயினும் நிகழ்ந்தது என்ன? கொல்லப்பட்ட கொரியர்க்கான நினைவுக் கூட்டத்திற்கு ஆண்டுதோறும் தோக்கியோ ஆளுநர் விடுத்து வந்த இரங்கலுரையை, 2017-இல் ஆளுநர் கொயிக்கே யூரிக்கோ நிறுத்தினார். இறந்தார் அனைவர்க்கும் ஒருங்கே இரங்குகின்றேன் என்பது அவர் கூறிய விடை. நிலம் கொன்றாரையும் நெஞ்சறியக் கை கொன்றாரையும் ஒரே கணக்கில் எழுதினால், கொன்ற கை மறைந்துபோம் அன்றோ? நூற்றாண்டு நிறைவான 2023-இல் தலைமை அமைச்சரவைச் செயலர், நிகழ்ச்சியை உறுதிப்படுத்தும் ஆவணம் அரசிடம் காணப்படவில்லை என்றார். புனபாசித் தொலைவரியோ அவ்வரசின் பாதுகாப்புத்துறை ஆவணக் காப்பகத்திலேயே கிடக்கின்றது!

மறைக்கப்பட்ட புரளி சாவதில்லை. 2016 ஏப்பிரலில் குமமோத்தோ நடுங்கியபோது, சில மணி நேரத்திலேயே, கொரியர் கிணற்றில் நஞ்சிட்டனர் என்னும் அதே சொல் கைப்பேசிகளில் ஓடிற்று. தொண்ணூற்று மூன்று ஆண்டு சென்றும் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தமிழன்பர்களே! மொழிப்பற்றாளர் என்று நம்மை நாம் சொல்லிக் கொள்கின்றோம். மொழிப்பற்று என்பது தன் நாவைப் போற்றுதல். பிறன் நாவை ஆய்ந்து அவன் நெஞ்சிற்குத் தீர்ப்பு எழுதுதல் அன்று. நம் தெருவில் வந்து மண் சுமக்கும் அயன்மொழியாளன் சொல் நம் செவிக்கு மாறாக ஒலிக்கலாம். நாளை ஒரு பேரிடர் வரின், அவன்மேல் நோக்கம் கற்பிக்க நம்மவருள்ளும் நாக்குகள் எழலாம். அந்நாள் அவனுக்கும் ஈட்டிக்கும் நடுவே முதலில் நிற்க வேண்டியவர் தமிழின் பெயரால் இயங்கும் நாமே.

நிகழ்ந்தது என்ன என்று முதலிற் கேளுங்கள். செய்தவன் யார் என்று சான்றோடு தேடுங்கள். ஏன் செய்தான் என்பதை இறுதியில் எடுங்கள். இம்முறையைத் தலைகீழாக்கி நோக்கத்தை முன்னே நிறுத்துவோன் எவனாயினும், அவன் நம் கொடியைப் பிடித்தவனே ஆயினும், அவ்விடத்திலேயே அவனை நிறுத்திப் 'பயனிலை எங்கே?' என்று கேளுங்கள்!