கடைக்குப் போகுமுன் வீட்டை அளக்க வேண்டும்!

டெலிவிஷன் வாங்க ஒரு குடும்பம் கடைக்குப் போகிறது.

கணவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பல மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மனைவியின் கைப்பையில் இருக்கிறது. 32 அங்குலப் பெட்டி ஒன்று வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கண் கூசுகிறது. சுவர் முழுவதும் டெலிவிஷன்! ஒன்றில் மயில் தோகை விரிக்கிறது. இன்னொன்றில் கடலுக்கடியில் வண்ண மீன்கள் நீந்துகின்றன. மூன்றாவதில் பழம் நறுக்குகிறார்கள். சாறு தெறிப்பது கூடத் தெரிகிறது.

"இது 55 அங்குலம், 4கே! இதைப் பார்த்தபிறகு வேறு எதையும் பார்க்க மனசு வராது, சார்" என்கிறார் விற்பனையாளர்.

பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுவிட்டார்கள். இழுத்தாலும் வரவில்லை.

கையில் இருந்த பணம் முன்பணமாகப் போயிற்று. பாக்கிக்கு மாதத் தவணை. கணவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் கேபிள் இணைப்பைக் கொடுத்தார்கள். மயிலும் இல்லை, மீனும் இல்லை. வழக்கமான தொடர் ஓடியது. நடிகையின் முகம் தண்ணீரில் கரைந்த சாயம்போலத் தெரிந்தது!

பெட்டியில் பழுதா? இல்லை. கடைக்காரர் பொய் சொன்னாரா? அதுவும் இல்லை. பிறகு தவறு எங்கே?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். ஆகவே, தவறு எங்கே என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

4 லட்சமும் 83 லட்சமும்

டெலிவிஷன் படம் புள்ளிக் கோலம் போன்றது. சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகள் சேர்ந்துதான் படம் ஆகிறது. புள்ளிகள் கூடக் கூடப் படம் நுணுக்கமாக இருக்கும்.

எச்.டி. ரெடி என்று சொல்லும் பெட்டியில் பெரும்பாலும் குறுக்கே 1,366 புள்ளிகள். மேலிருந்து கீழே 768 வரிசைகள். பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள்.

ஃபுல் எச்.டி. பெட்டியில் 1,920 புள்ளிகள், 1,080 வரிசைகள். மொத்தம் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம்.

4கே பெட்டியில் 3,840 புள்ளிகள், 2,160 வரிசைகள். மொத்தம் சுமார் 83 லட்சம். குறுக்கே ஏறக்குறைய நாலாயிரம் புள்ளிகள் இருப்பதால் 4கே என்று பெயர். 8கே பெட்டியிலோ 3 கோடியே 31 லட்சத்துக்கும் மேல்!

இதைக் கேட்டதும், "புள்ளி அதிகமானால் நல்லதுதானே?" என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் அத்தனை புள்ளிகளையும் நிரப்புவதற்குப் படம் வர வேண்டாமா?

சாதாரணச் சேனலில் வரும் படத்துக்குக் குறுக்கே 720 புள்ளிகள், 576 வரிசைகள். மொத்தம் 4 லட்சத்து 14 ஆயிரத்து 720 புள்ளிகள்தான். 4கே பெட்டியில் இருப்பது இதைப்போல 20 மடங்கு!

நாலு பேருக்கு வடித்த சோற்றை 80 பேருக்குப் பரிமாறச் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார்? தண்ணீர் ஊற்றிக் கஞ்சியாக்குவார். 4கே பெட்டியும் அதைத்தான் செய்கிறது. வந்த ஒரு புள்ளியை வைத்து மீதிப் 19 புள்ளிகளையும் ஊகமாக நிரப்புகிறது. திரையும் பெரிதாக இருந்தால் படம் கரைந்ததுபோல் தெரியும்.

கடையில் ஓடிய மயில், 4கே படமாகவே எடுத்துத் தயாரித்த விளம்பரப் படம். வீட்டில் வருவது கேபிள் சேனல். கடை வேறு, வீடு வேறு!

கண்ணுக்கும் எல்லை உண்டு

பேருந்து தூரத்தில் வரும்போது பெயர்ப் பலகை தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை. கிட்டே வந்த பிறகுதான் எழுத்து தெரிகிறது. டெலிவிஷன் புள்ளிகளும் அப்படித்தான். ஓர் அளவுக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் புள்ளி சிறியதா பெரியதா என்று கண்ணுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நல்ல பார்வை உள்ளவருக்கே 32 அங்குல எச்.டி. ரெடி பெட்டியில் சுமார் 6 அடிக்கு அப்பால் புள்ளி தெரியாது. 43 அங்குல ஃபுல் எச்.டி. பெட்டியிலும் ஏறக்குறைய அதே 6 அடிதான். 55 அங்குலமாக இருந்தால் 7 அடி.

43 அங்குலப் பெட்டியை எட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு ஃபுல் எச்.டி.க்கும் 4கேவுக்கும் நுணுக்கத்தில் வித்தியாசம் காண்பது அரிது. வித்தியாசத்துக்குக் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது!

4கே கெட்டது என்று பொருள் அல்ல. இன்று 43 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை 4கேதான். இன்டர்நெட் வழியாக 4கே படமே பார்ப்பவர்களுக்கும், பெரிய திரையைக் கிட்ட உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் அது ஏற்றதே. ஆனால் அப்படிப் பார்க்க ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 ஜி.பி. டேட்டா செலவாகும். செல்போனில் இருக்கும் தினசரி டேட்டா பேக் அதற்குப் போதாது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தோற்றுப்போன நல்ல படம்

கடை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பிளாஸ்மா டெலிவிஷன் கதையே அதற்குச் சாட்சி.

பிளாஸ்மா திரை 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கண்ணாடிக்குள் மிகச் சிறிய அறைகள். அவற்றில் நியான், செனான் வாயுக்கள். மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி உண்டாகும். அது பட்டதும் அறையில் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பூச்சு ஒளிரும். கிட்டத்தட்ட வீட்டில் எரியும் டியூப் லைட் போல! ஒரு திரையில் லட்சக்கணக்கான குட்டி டியூப் லைட்டுகள்!

எல்.சி.டி. வேறு விதம். அதன் புள்ளிகளுக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிகம், ஜன்னல் கதவு மாதிரி ஒளியை விடுகிறது; தடுக்கிறது.

ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும் அல்லவா? அதனால்தான் எல்.சி.டி.யில் இரவுக் காட்சி சாம்பல் நிறமாகத் தெரியும். பிளாஸ்மாவில் நல்ல கறுப்பாகத் தெரியும். வேகமாக ஓடும் பந்தும் பிளாஸ்மாவில் தெளிவாக இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறவில்லை.

அப்படியிருந்தும் பிளாஸ்மா தோற்றது! ஏன்?

மின்சாரம் அதிகம் இழுத்தது. சூடேறியது. கனமாக இருந்தது. சின்ன அளவில் செய்ய முடியவில்லை. ஒரே சேனலை வெகு நேரம் வைத்தால் சேனலின் சின்னம் திரையில் தழும்பாகப் பதிந்தது. 4கே வந்தபோது, அவ்வளவு சிறிய புள்ளிகளைக் குறைந்த செலவில் செய்வதும் அதற்குக் கடினமாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. கடையில் எரியும் பெரிய விளக்குகளுக்குக் கீழே பிளாஸ்மா மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எல்.சி.டி. பளிச்சென்று தெரிந்தது. வாங்க வந்தவர்கள் பளிச்சென்று தெரிந்ததை வாங்கினார்கள். வீட்டில் இரவு விளக்கைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் எது நன்றாக இருக்கும் என்று எத்தனை பேர் யோசித்தார்கள்?

2013ஆம் ஆண்டு இறுதியில் பானசோனிக் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. 2014இல் சாம்சங், எல்.ஜி. நிறுவனங்களும் நிறுத்திவிட்டன.

பழைய பிளாஸ்மா மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுவதே நல்லது. பழுதானால் சாமான் கிடைப்பது கடினம். மின்சாரச் செலவும் கூடும். 250 வாட் இழுக்கும் பிளாஸ்மா தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 75 யூனிட் ஆகும். 50 வாட் இழுக்கும் 32 அங்குலப் பெட்டி அதே நேரம் ஓடினால் 15 யூனிட்தான்!

எழுத்தைக் கண்டு மயங்க வேண்டாம்

இன்று கடையில் எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று பல பெயர்கள். காதில் விழும்போது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

எல்.இ.டி. டெலிவிஷன் என்பது உண்மையில் எல்.சி.டி.யே. பின்னால் எரியும் விளக்குதான் மாறியிருக்கிறது. கியூ.எல்.இ.டி.யும் எல்.சி.டி. இனமே, நிறத்தை மெருகூட்ட ஒரு மெல்லிய படலம் சேர்த்திருக்கிறார்கள். ஓ.எல்.இ.டி. மட்டுமே தனி இனம். பிளாஸ்மாவைப் போலவே அதன் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். நல்ல கறுப்பு கிடைக்கும், விலையும் அதிகம். சின்னம் தழும்பாகப் பதியும் குறையும் அதற்கு உண்டு.

இன்னொரு வலையும் இருக்கிறது. "4கே சப்போர்ட்" என்று சில பெட்டிகளின் அட்டையில் எழுதியிருக்கும். 4கே படத்தை அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பொருளாக இருக்கலாம். அதைக் காட்டும் திரையில் புள்ளிகள் குறைவாக இருக்கக் கூடும். 3840 × 2160 என்ற எண்ணை அட்டையில் பார்த்த பிறகே 4கே என்று நம்ப வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

கடைக்குப் போகுமுன் ஓர் இன்ச் டேப் எடுக்க வேண்டும். டெலிவிஷன் வைக்கும் சுவரிலிருந்து உட்காரும் இடம் வரை எத்தனை அடி என்று அளந்து, ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வருவது சாதாரணச் சேனலா, எச்.டி. சேனலா என்று கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எச்.டி. சேனலுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கடையில் மயிலையும் மீனையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வீட்டில் தினமும் பார்க்கும் சேனலைப் போட்டுக்காட்டச் சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிய அத்தனை அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கடைக்கென்று வெளிச்சத்தைக் கூட்டி வைக்கும் ஏற்பாடு பெட்டிகளிலேயே உண்டு. அதை வீட்டு அளவுக்கு மாற்றச் சொல்லவும் தயங்கக் கூடாது. மின்சிக்கன நட்சத்திரங்கள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தவணைக் கணக்கு. மாதம் 2,500 ரூபாய் என்றால் சிறிய தொகையாகத் தெரியும். 18 மாதத்துக்கு அது 45,000 ரூபாய்! "வட்டியே இல்லை" என்றாலும் பிராசஸிங் சார்ஜ் என்று ஒரு தொகை பிடிப்பது உண்டு. மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். தவணை முடியுமுன் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிடும். அப்போது நோட்டுப் புத்தகத்துக்கும் சம்பளத்துக்கும் கை பிசையும் நிலைமை வரலாமா?

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷனுக்கு இருந்த 28 சதவிகித ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாகக் குறைந்தது. பெரிய பெட்டி மீது ஆசை கூடுவது இயல்பே. வரி குறைந்தது, ஆனால் வீட்டுச் சுவர் நீளவில்லை!

கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. திரையில் உண்மையாக எத்தனை புள்ளிகள், எத்தனை அடி தள்ளிப் பார்க்க ஏற்றது என்பவற்றை அட்டையின் மேல் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். கடையில் ஒரு பெட்டியிலாவது சாதாரணச் சேனல் ஓட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய் ஒருத்தி, யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்வாள்!

1975 ஆகஸ்டு 15இல் சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. அன்று படம் கறுப்பு வெள்ளைதான். 2006இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தது 14 அங்குலப் பெட்டிதான். அதன் முன்னால் குடும்பமே கூடி உட்கார்ந்து சிரித்தது, அழுதது. யாரும் புள்ளியை எண்ணவில்லை.

டெலிவிஷன் வீட்டுக்கு வரட்டும். அதன் பின்னாலேயே கடனும் வர வேண்டாம்!