துருவைத் துடைக்காதீர்!

பண்டிகைக்கு முதல் நாள் நம் வீடுகளில் ஒரு சிறு யுத்தம் நடப்பதுண்டு. குத்துவிளக்கு, வெண்கலப் பானை, செப்புக் குடம் எல்லாம் கொல்லைப்புறத்துக்கு வந்து சேரும். புளியும் செங்கல் பொடியும் எடுத்துக்கொண்டு வீட்டுப் பெண்மணிகள் உட்கார்ந்துவிட்டால், ஒரு நாழிகைக்குள் களிம்பு அவ்வளவும் தோற்று ஓடிவிடும். பாத்திரங்கள் முகம் பார்க்கலாம் போல் ஜொலிக்கும். இதைக் குறைகூற நாம் பேனாவை எடுக்கவில்லை. பாத்திரம் என்றால் துலங்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்தத் துலக்கும் ஆசையினால் நாமே ஒரு முறை பெரும் பிழை செய்துவிட்டோம். சில வருஷங்களுக்கு முன் நம் வகுப்பு மாணவன் ஒருவன், பாட்டனாரின் மரப்பெட்டியில் அகப்பட்டதென்று ஒரு செப்புக் காசு கொண்டுவந்து காட்டினான். பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஒரு பக்கத்தில் ஏதோ எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன. "நன்றாகச் சுத்தம் செய்து எடுத்து வா, அப்பா! படித்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் காசு தங்கம் போல் மின்னிற்று. எழுத்துத்தான் இல்லை! பையன் முகத்தில் பெருமை. நமக்கோ வாயைத் திறக்க முடியவில்லை. பல தலைமுறைகள் கடந்து வந்த ஒரு செய்தி, சரித்திர உபாத்தியாயர் ஒருவரின் உத்தரவினால் ஒரே இரவில் அழிந்து போயிற்று. குற்றம் பையனுடையதன்று, நம்முடையது.

அதன் பிறகு, பழம்பொருள்களைப் பேணுவது பற்றி எங்கே எழுதியிருந்தாலும் தேடிப் படிக்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டது. அப்படிப் படித்தவற்றுள், ஜப்பானியர் தங்கள் பழைய வாட்களை மதிப்பிடும் முறையும் காப்பாற்றும் முறையும் நம்மைப் பெரிதும் கவர்ந்தன. அந்தக் காசின் விஷயத்தில் நாம் கற்ற பாடத்தை அவர்கள் ஒரு சாஸ்திரமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

வாளின் பிறப்பை முதலில் பார்ப்போம். ஆற்றுப் படுகையிலும் மலைச் சரிவிலும் கிடைக்கும் இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாறி மாறிக் கொட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் ஊதி எரிப்பார்கள். அதில் விளையும் உருக்கைத்தான் கொல்லர் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடித்து, வாளாக்குகிறார். இந்த மடிப்புக்கள் உருக்கின் மேல் மரத்தின் ரேகை போன்ற ஓர் அமைப்பை விட்டுச் செல்கின்றன.

அடுத்தது தோய்ச்சல். வாளின் முதுகுப் பக்கத்தில் களிமண்ணைக் கனமாகவும், வாய்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் பூசுகிறார்கள். பழுக்கும் உருக்கின் நிறத்தைச் சரியாகப் பார்ப்பதற்காகப் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு, பதம் வந்ததும் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து ஒடியாத உறுதி பெறுகிறது. வாளின் வளைவு பெருமளவுக்கு இந்தக் கணத்தில்தான் உண்டாகிறது. கடினமும் உறுதியும் சந்திக்கும் இடத்தில் வெண்மேகம் போலவோ, அலை போலவோ ஒரு கோடு ஓடும். இதற்கு 'ஹமோன்' என்று பெயர். ஒவ்வொரு கொல்லர் பரம்பரைக்கும் ஹமோனில் ஒரு தனிச் சாயல் உண்டு. யமஷிரோ, யமாத்தோ, பிஜென், ஸகாமி, மினோ என்னும் ஐந்து நாடுகளின் மரபுகளைப் பிரதானமாகச் சொல்வார்கள்.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். அங்கே வாள் ரஸிகர்கள் கூடி ஒருவகைப் பரீட்சை நடத்துவதுண்டு. வாளின் அடிப்பாகத்தை மூடிவிட்டு, மேற்பாகத்தை மட்டும் காட்டுவார்கள். பார்ப்பவர் முதலில் உருவத்தையும் வளைவையும் நோக்கிக் காலத்தைச் சொல்ல வேண்டும். பிறகு உருக்கின் ரேகையைப் பார்த்து நாட்டைச் சொல்ல வேண்டும். கடைசியில் ஹமோனைப் பார்த்துக் கொல்லரின் பெயரைச் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கூடத்துப் பரீட்சைகளைக் காட்டிலும் இது எவ்வளவோ கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்த மூடிய பாகத்தில் என்ன இருக்கிறது? வாளின் அடிக்காம்பு இருக்கிறது. பிடிக்குள் மறைந்திருக்கும் இதை ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் பிடியுடன் சேர்த்துக் கட்டிக் காக்கிறது. கொல்லர் தமது பெயரை உளியால் வெட்டுவது இந்தக் காம்பின் மேல்தான். சில சமயம் ஊரும் வருஷமும்கூட இருக்கும். வாளின் மற்றப் பாகமெல்லாம் கண்ணாடி போல் மெருகேறியிருக்க, காம்பு மட்டும் துருப்பிடித்துக் கறுத்துக் கிடக்கும். நூற்றாண்டுகளாக யாரும் அதைத் துலக்குவதில்லை. ஏனெனில், அந்தத் துருதான் வாளின் ஜாதகம்!

பழைய துரு கறுத்து, அடங்கி, வழவழப்பாக இருக்கும். புதிய துரு சிவந்து, சொரசொரவென்று இருக்கும். நானூறு வருஷத்து வாள் என்று சொல்லப்படுவதன் காம்பில் நேற்றைய துரு இருந்தால், அங்கே ஏதோ சூது நடந்திருக்கிறது. பெயரெழுத்து பழைய துருவைக் கிழித்துக்கொண்டு வெட்டப்பட்டிருந்தாலும் அப்படியே. புகழ் பெற்ற கொல்லர்களின் பெயரைச் சாதாரண வாட்களில் வெட்டி விற்பது அங்கே மிகப் பழைய வியாபாரம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொத்தெத்ஸு என்பவரின் பெயர் தாங்கிய வாட்களில் போலிகள் ஏராளம். ஆகையால் ரஸிகர்கள் பெயரைக் கண்டு மயங்குவதில்லை. வாள் சொல்வதும் பெயர் சொல்வதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நம்புகிறார்கள்.

பெயரே இல்லாததால் வாள் தாழ்ந்ததென்றும் எண்ணிவிடக் கூடாது. குதிரை வீரருக்காக நீளமாகச் செய்த பழைய வாட்களைப் பிற்காலத்தவர் தங்கள் தேவைக்கேற்ப அடிப்பக்கத்தில் வெட்டிக் குறைத்தார்கள். அப்போது பெயரும் போய்விட்டது. மனம் கேளாத சிலர், பெயருள்ள துண்டை மட்டும் எடுத்துப் புதிய காம்பில் பதித்து வைத்தார்கள். பெயர் போனவற்றை இன்னாருடையதென்று நிர்ணயிப்பதில் கியோட்டோவைச் சேர்ந்த ஹோனாமி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கீர்த்தி பெற்றார்கள். 1719-ஆம் வருஷம் எட்டாவது ஷோகன் யோஷிமுனேயின் கட்டளைப்படி, நாட்டின் தலைசிறந்த வாட்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்துக் கொடுத்தவரும் அந்தக் குடும்பத்தவரே.

வாங்க நினைப்பவர்கள் அஞ்ச வேண்டிய குற்றங்கள் சில உண்டு. வாயில் குறுக்கே ஓடும் மயிரிழை வெடிப்பு அவற்றுள் தலையாயது. அது இருந்தால் வாள் இறந்ததற்குச் சமானம். தீவிபத்தில் தோய்ச்சல் இழந்து, மறுபடி தோய்க்கப்பட்டதும் அப்படியே பெருமை குன்றியது. அடிக்கடி சாணை பிடித்து மெலிந்ததும் ஒரு குறைதான். சாணையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர், முரட்டுக் கல்லில் தொடங்கி, விரல் நுனியில் ஒட்டித் தேய்க்கும் காகிதம் போன்ற மெல்லிய கல் வரையில், வாரக் கணக்கில் உழைத்து மெருகு ஏற்றுகிறார். ஒவ்வொரு முறையும் உருக்கில் ஒரு படலம் போய்விடுகிறது. கடினமான வாய் தேய்ந்து தீர்ந்தால் அதை மீண்டும் உண்டாக்குவதற்கில்லை. ஆகவே, வாளுக்கு இத்தனை மெருகுதான் என்று பிறக்கும்போதே தலையில் எழுதிவிட்டது போலாகிறது. அதை வீண் செலவு செய்ய நமக்கு உரிமை ஏது?

வீட்டில் வைத்துக் காப்பாற்றும் முறை இன்னும் எளியது. வாளின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, முதுகு உறையில் தவழும்படி மெல்ல உருவ வேண்டும். உருக்கை விரலால் தொடலாகாது. வியர்வை பட்ட இடத்தில் ரேகையோடு துருப்பிடிக்கும். வாளை ஏந்தியிருக்கையில் பேசுவதும் கூடாது. எச்சில் தெறித்தாலும் அதே கதிதான். பழைய எண்ணெயை மெல்லிய காகிதத்தாலோ துணியாலோ துடைத்துவிட்டு, புதிய எண்ணெயை மிகவும் சன்னமாகப் பூசி வைக்க வேண்டும். சம்பிரதாயமான எண்ணெயில் நம் அஞ்சறைப் பெட்டியிலிருக்கும் கிராம்பின் மணம் வீசும். சாணைக்கல்லின் மாப்பொடியைப் பட்டு முடிச்சில் கட்டி வாளின் மேல் தட்டித் துடைப்பதும் பழைய வழக்கம். அதை அடிக்கடி செய்தால் நுண்ணிய கீறல் விழும் என்று இக்காலத்தில் எச்சரிக்கிறார்கள்.

அலங்கார உறையில் வாளை எப்போதும் வைத்திருப்பதில்லை. வாள் ஓய்வெடுப்பதற்கென்று ஹோ என்னும் மரத்தில் வர்ணம் பூசாத வெள்ளை உறை ஒன்று செய்கிறார்கள். அதன் இரு பாதிகளையும் சோற்றுப் பசையால்தான் ஒட்டுகிறார்கள்! உள்ளே அழுக்குச் சேர்ந்தால் சேதமில்லாமல் பிளந்து சுத்தம் செய்து, மீண்டும் ஒட்டிவிடலாம் அல்லவா? எது திறக்க வேண்டியதோ அதைத் திறக்கும்படியும், எது தொடக் கூடாததோ அதைத் தொடாமலும் வைக்கிறார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையும் 1945-ஆம் வருஷத்தில் பெரிய சோதனைக்கு உள்ளாயிற்று. யுத்தத்தில் தோல்வியுற்ற ஜப்பானில் ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கும்படி அமெரிக்கப் படையினர் உத்தரவிட்டார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் நம் இந்தியப் படைப்பிரிவுகளின் முன்னிலையிலும் ஜப்பானிய அதிகாரிகள் வாட்களைச் சமர்ப்பித்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை தொழிற்சாலையில் செய்த பட்டாள வாட்கள். ஆனால் சில அதிகாரிகள் தம் குலத்து முதுவாளையே பட்டாளப் பிடியில் பொருத்திக்கொண்டு போருக்கு வந்திருந்தார்கள். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மூங்கில் ஆணியைக் கழற்றிக் காம்பைப் பார்த்தால் அல்லவா பேதம் தெரியும்? உலகெங்கும் ஞாபகப் பொருளாகச் சிதறிப்போன அவ்வாட்களில், அறியாமையால் காம்பைத் தேய்த்துப் 'பளிச்' சென்று ஆக்கப்பட்டவை எத்தனையோ!

ஜப்பானிலேயே கலைப்பொருளான வாட்களும் அழிந்துவிடாதபடி காத்தவர்களில் ஹோம்மா ஜுன்ஜி என்னும் அறிஞர் முக்கியமானவர். அவரும் அவருடைய நண்பர்களும் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, காட்வெல் என்னும் அமெரிக்கக் கர்னல் கலை வாட்களுக்கு விலக்கு அளிக்க உதவினார். வென்றவனிடமும் நியாயம் கேட்கும் காது இருந்தது. தோற்றவனிடமும் அதை எடுத்துச் சொல்லும் துணிவு இருந்தது. 1948-இல் வாட்களைப் பாதுகாப்பதற்கென்று ஒரு சங்கமும் அங்கே தோன்றியது. இன்றும் வாட்களை ஆராய்ந்து அத்தாட்சி வழங்கி வருகிறது.

ஆயினும் இரண்டு வாட்களின் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. ஸகாமி நாட்டு மாஸாமுனே என்ற மகா கொல்லரின் கைவேலையாகப் போற்றப்பட்டது 'ஹோன்ஜோ மாஸாமுனே'. தொக்குகாவா வம்சத்தின் செல்வமாக விளங்கி, 1939-இல் தேசியப் பொக்கிஷமாகவும் அறிவிக்கப்பட்டது. 1945-ஆம் வருஷ இறுதியில் அதன் உரிமையாளர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து தோக்கியோவில் ஒரு போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். அதன் பிறகு அதைக் கண்டவர் இல்லை. அது பெயர் வெட்டப்படாத வாள். எந்த வீட்டுப் பரணிலாவது அது இன்னும் கிடந்தால், அதன் ஹமோனும் காம்பும் அல்லாமல் வேறு சாட்சி கிடையாது. அந்த வீட்டுக்காரர் ஒரு நல்ல நாள் பார்த்து அதைத் தேய்க்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? வாள் கையில் இருக்கும். ஆனால் காணாமற்போனது போனதுதான்.

மற்றது பிஜென் நாட்டுக் குனிமுனே செய்த வாள். அதுவும் தேசியப் பொக்கிஷம். ககோஷிமா நகரத்துத் தெருகுனி ஆலயத்துக்கு உரியது. யுத்த முடிவில் அதுவும் மறைந்தது. பல வருஷங்களுக்குப் பின் அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் கடையில் அது வால்டர் காம்ப்டன் என்பவர் கண்ணில் பட்டது. அவர் மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவராக இருந்தவர். வாட்களைச் சேகரிப்பதில் பேரார்வமுடையவர். அது இன்னதென்று விளங்கியதும் அவர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை, விலையும் கேட்கவில்லை. 1963-இல் ஜப்பானுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாளின் அடையாளம் அழியாமல் இருந்தது; அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும், படித்தபின் தன்னலம் மறந்த மனமும் சேர்ந்தன; பொக்கிஷம் வீடு திரும்பியது.

பழம்பொருளை வைத்திருப்பவன் அதற்கு எஜமானன் அல்லன். தனக்கு முன்னிருந்தவனிடம் பெற்றுத் தனக்குப் பின் வருபவனிடம் சேர்ப்பிக்க வேண்டிய தர்மகர்த்தா. அவன் செய்யவேண்டியது கொஞ்சம். செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். எண்ணெய் பூசலாம், ஈரம் தாக்காமல் காக்கலாம், தெரிந்தவரிடம் காட்டலாம். 'அழகு செய்கிறேன்' என்று மட்டும் தொடங்கக் கூடாது.

அந்த மாணவன் செப்புக் காசை நம்மிடமே கொடுத்துவிட்டான். இன்னும் நம் மேஜை மேல் இருக்கிறது. மறுபடியும் அதில் மெல்லப் பச்சை படரத் தொடங்கியிருக்கிறது. எழுத்து மட்டும் திரும்பி வராது. நேயர்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய காசோ, செப்பேடோ, கத்தியோ இருக்கலாம். வரும் பண்டிகையில் குத்துவிளக்கைத் தாராளமாகத் துலக்குங்கள். அந்தப் பெட்டியின் பக்கம் மட்டும் புளியைக் கொண்டு போகாதீர்கள்!