பழகிய குதிரையும் களைத்த குதிரையும்

குதிரை வண்டி ஓட்டக் கற்பிக்கும் நல்ல பயிற்சியிடங்களில் ஒரு விதி உண்டு. புதிய மாணவரிடம் புதிய குதிரையைக் கொடுக்கமாட்டார்கள். இளங்குதிரையைத் தேர்ந்த ஓட்டுநர் பழக்குவார். புதிய ஓட்டுநரைத் தேர்ந்த குதிரை பழக்கும். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியிலும் இதே முறையில்தான் கலை தலைமுறை கடந்து வந்திருக்கிறது. அந்தப் பள்ளியின் குதிரையேற்ற மரபை யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

அதே 2015இல், ஜூன் 8 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதமானவை என்று தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் அவற்றை முற்றிலும் நிறுத்தவும், லாயங்களை மூடவும், ஓட்டுநர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்கவும் ஆணையிட்டது. இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வு மாணவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது: கையிலும் பழக்கத்திலும் வாழும் ஓர் அறிவு எப்போது பண்பாடாக மதிக்கப்படுகிறது, எப்போது வெறும் பிழைப்பாகக் கணக்கிடப்படுகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. கடற்கரைச் சாலையில் உல்லாசச் சவாரிக்காக, வாகன நெரிசலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே, கெட்டித் தரையில் குதிரைகளை ஓடவிடுவதற்கு நியாயம் இல்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைச் செயல்படுத்தக் கேட்டவர்களைப் பழமையின் எதிரிகள் என்று பழிப்பதும் பொருந்தாது. என் வாதம் தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்ததைப் பற்றியது. ஒருமுறை இழப்பீடு, தெருவோர வணிக உரிமம் என்று மறுவாழ்வுப் பேச்சு நடந்தது. 2021இல் அதே தோற்றத்தில் மின்கல வண்டிகள் தெற்கு மும்பையில் அறிமுகமாயின. வண்டியின் வடிவத்துக்கு வாரிசு கிடைத்தது. ஓட்டியவர்களின் அறிவை என்ன செய்வது என்பது எவருடைய பொறுப்பாகவும் ஆகவில்லை.

அது என்ன அறிவு? குதிரைமேல் அமர்ந்தவருக்குத் தொடையும் முதுகும் பேசும். வண்டியில் அமர்ந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. குதிரை சில அடிகள் தள்ளி முன்னே நிற்கிறது. கண்பட்டை அணிந்த குதிரைக்கு அவர் முகமும் தெரியாது. அவரிடம் இருப்பவை மூன்று: குரல், வார், சவுக்கு. சவுக்கும் அடிப்பதற்காக அன்று. சவாரிக்காரரின் கால் தரும் குறிப்பைத் தொட்டுணர்த்துவதற்காக. வாரின் இழுப்பைவிட அதைத் தளர்த்தும் கணமே குதிரைக்குக் கற்பிக்கிறது. குதிரை இணங்கிய அந்த நொடியில் கை இளகாவிட்டால், இணங்கியதற்கும் தண்டனை என்றே அது எடுத்துக்கொள்ளும். புதிய மாணவரின் கை எப்போதும் இந்த நொடியைத் தவறவிடும். பழகிய குதிரை அந்தத் தவறைப் பொறுத்துக்கொண்டு, தெளிவற்ற குறிப்பில் மிரளாமல் நின்று காத்திருக்கும். ஆசிரியரின் பொறுமைக்கு அங்கேதான் வேலை: உடனே வாரைப் பிடுங்கிக்கொள்ளாமல், மாணவரின் கையே பிழையை உணர விட்டுவிடுவது.

இந்த அறிவு எழுத்துக்கு வராததும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வின் ஹவ்லெட் என்னும் ஆங்கில வண்டியோட்டி பாரிஸில் இக்கலையைக் கற்பித்தார். அவரிடம் கற்ற ஜெர்மானியர் பென்னோ ஃபான் ஆகன்பாக் (1861–1936) வார் பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்று அம்முறை மாணவரின் பெயரால் வழங்குகிறது. கற்பித்த வண்டியோட்டியின் பெயர் பின்னுக்குப் போயிற்று. பின்னர் இளவரசர் பிலிப் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த காலத்தில், 1970 வாக்கில், இதற்குப் போட்டி விதிகளும் அமைந்தன. ஐரோப்பாவில் மோட்டார் வண்டி வந்து பிழைப்பைப் பறித்த பிறகும் அறிவு பிழைத்தது. காரணம் எளிது: வசதியும் எழுத்தும் உடையவர்கள் அதைக் கற்க முன்வந்தார்கள்.

நம் மரபும் இவ்விஷயத்தில் குற்றமற்றது அன்று. சங்க முல்லைப் பாடல்களில் வினை முடித்துத் திரும்பும் தலைவன் பாகனிடம் ஓயாது பேசுகிறான். பாகன் பேசுவது அரிது, அவன் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. நளன் கதை ஒரு விதிவிலக்கு. உருமாறித் தேரோட்டியாய் இருந்த நளனின் குதிரையறிவுக்கு ஈடாக இருதுபன்னன் தன் சூதாட்டக் கணக்கறிவைத் தருகிறான். தேரோட்டியின் அறிவும் அரசனின் அறிவும் ஒரே தராசில் நிற்கும் அரிய இடம் அது. ஆனால் அங்கும் தேரோட்டி உண்மையில் ஓர் அரசன் என்பதை மறக்கலாகாது.

ஓர் எதிர்வாதம் வரக்கூடும். வதைக்கப்பட்ட குதிரைகளை ஓட்டியவர்களிடம் கற்க என்ன இருக்கிறது? இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். பழகிய குதிரையும் அசையாமல் நிற்கும். களைத்த குதிரையும் அசையாமல் நிற்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் அடக்கம்தான். முதலாவது குதிரை கேட்கிறது. இரண்டாவது கேட்பதையே நிறுத்திவிட்டது. இவற்றைப் பிரித்தறிய வல்லவர்கள் அன்றாடம் குதிரையோடு வாழ்ந்தவர்களே. வதையின் சாட்சியத்தையும் கலையின் சாட்சியத்தையும் அவர்களிடமே பெற முடியும். நம் ஆய்வுக்கூடங்களிலும் வகுப்பறைகளிலும் அமைதியாக இருக்கும் மாணவர்களைப் பார்க்கும் நெறியாளர்களுக்கும் இந்த வேறுபாடு பயன்படும் என்று நம்புகிறேன்.

இதை ஆண்டாப் ஹில்லில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து சிறு தொலைவில் தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் உழைத்த இடம். மறுசீரமைப்பின் பெயரால் இன்று அங்கே வீடுகளும் பட்டறைகளும் அளக்கப்படுகின்றன. சதுர அடிக்கு மாற்று இடம் கிடைக்கலாம். தோலை விரலால் தொட்டே பதம் சொல்லும் ஒருவரின் அறிவுக்கு எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது? விக்டோரியா ஓட்டுநர்களுக்கு நேர்ந்தது இங்கு மேலும் பெரிய அளவில் நேரக்கூடும்.

ஆகவே மும்பைப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல், கல்வியியல், கால்நடை மருத்துவ மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஓட்டுநர்களைத் தேடிச் சென்று பதிவு செய்யுங்கள். குதிரையை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. ஐரோப்பியப் பயிற்சியிடங்களில் வார்களின் நுனியில் எடை கட்டிய ஒரு பலகையை வைத்தே கைப்பழக்கம் கற்பிக்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தால் ஓட்டுநரின் கையசைவுகளைப் படம்பிடித்துவிடலாம். அவர்களைத் தகவலாளிகள் என்று அடிக்குறிப்பில் அடக்காதீர்கள். ஆசிரியர்கள் என்று பெயரிட்டு எழுதுங்கள், கற்பித்த நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கைகளுக்கும் வயதாகிறது.