அருமனையும் முன்னொட்டும்

குமரி மாவட்டத்து அருமனை போன்ற ஊர்ப்பெயர்களின் முதலுறுப்பை ‘முன்னொட்டு’ எனக் குறிப்பது பொருந்தாது. ருசிய மொழியில் ‘பிசாத்’ (எழுதுதல்) என்பதன்முன் ‘ந’ சேர்ந்து ‘நபிசாத்’ என்றாகி, வினைமுற்றுப்பேற்றை உணர்த்தும். தனித்து வருங்கால் அதே ‘ந’ ‘மேல்’ என்னும் பொருள் தரும். முன்னொட்டு என்பது இதுவே. தமிழோ அம்முற்றுப்பேற்றை ‘எழுதிவிட்டான்’ என வினைக்குப் பின்வரும் துணைவினையால் உணர்த்துகிறது. ‘அநீதி’யில் வரும் எதிர்மறை அகரம் வடமொழிக் கொடை.

அருமனையை அருமை+மனை எனப் பிரிப்பினும், ‘அரு’ என்பது நன்னூல் கூறும் ஈறுபோதல் விதியால் ‘மை’ கெட்ட பண்படியே. ‘அருமருந்து’ என்பதும் அவ்வாறே. ஆயினும் புணர்ச்சி விதி இடந்தருவது பெயர்வரலாற்றுக்குச் சான்றாகாது. கல்வெட்டும் ஆவணமும் காட்டும் பழைய வடிவங்களே முடிவு கூறத்தக்கன. அவற்றைத் தேடுமுன் கலைச்சொல்லைக் கடன்பெறுவது ஆய்வாகாது.