தேதி குறித்தவர்களின் கணக்கு

2025 செப்டம்பரில் உங்கள் கைப்பேசிக்கும் அந்தக் காணொளி வந்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர், இயேசு தமக்குக் காட்சி தந்ததாகவும் அந்த மாதம் 23, 24 ஆகிய நாள்களில் தம்முடைய மக்களை அழைத்துக்கொள்ள வருவதாகச் சொன்னதாகவும் பேசியிருந்தார். டிக்டாக்கில் அது மளமளவெனப் பரவியது. வேலையை விட்டுவிட்டேன், காரை விற்றுவிட்டேன் என்று சொல்லிச் சிலர் தங்கள் காணொளிகளையும் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்தது. புதன்கிழமையும் விடிந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நெரிசல் என்றும்போல் இருந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரே கேலி. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கேலி செய்தவர்களுக்கு அது ஒரு நாள் வேடிக்கை. காரை விற்றவர் நிலைமை அப்படியா?

நான் கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவன். நம் பஞ்சாங்கக் கணக்கு நிதானமானது. கலியுகத்துக்கு மொத்தம் 4,32,000 ஆண்டுகள். கழிந்திருப்பது ஐயாயிரத்துச் சொச்சம்தான். அவசரப்பட ஒன்றுமில்லை! ஆனால் கிறிஸ்துவ நண்பர்கள் பலருக்கு இது தள்ளிப்போடக்கூடிய கேள்வி அல்ல. இயேசு திரும்பி வருவார் என்பது அவர்கள் விசுவாசத்தின் அடிப்படைகளில் ஒன்று. எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கு என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், அடுத்த காணொளி வரும்போது யாரையும் புண்படுத்தாமல் பேச முடியும்.

பைபிளின் கடைசி நூல் வெளிப்படுத்தின விசேஷம். கத்தோலிக்கர் அதைத் திருவெளிப்பாடு என்பார்கள். அதன் 20ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு ஆட்சி பற்றி வருகிறது. அந்த ஆயிரத்தை எப்படி எண்ணுவது?

ஒரு சாரார் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் கிறிஸ்து வருவார், பிறகு ஆயிரம் ஆண்டு ஆட்சி நடக்கும் என்பது இவர்கள் கருத்து. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகஸ்டின் வேறு விதமாகச் சொன்னார். ஆயிரம் என்பது ஓர் அடையாளம்; திருச்சபையின் காலம் முழுவதையும் அது குறிக்கிறது என்றார். கத்தோலிக்கரும் பழைய புரொட்டஸ்டண்ட் சபைகளில் பலரும் இன்றும் ஏறக்குறைய அந்த வழியில்தான் நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இயேசு எச்சரித்த அழிவின் பெரும்பகுதி கி.பி. 70இல் ரோமப் படை ஜெருசலேம் ஆலயத்தை இடித்தபோதே நடந்து முடிந்தது என்பது அவர்கள் வாதம்.

நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ‘இரகசிய வருகை’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஏழு ஆண்டு உபத்திரவ காலம் தொடங்குமுன் விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அதன் பொருள். பழைய நூலை ஆதாரமாகக் காட்டினாலும், இந்த வரிசைக்கு ஒரு முறையான வடிவம் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் அதைப் பரப்பினார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை பைபிள் அதை உலகெங்கும் கொண்டுபோனது. எடுத்துக்கொள்ளப்படுவது உபத்திரவத்துக்கு முன்னா, நடுவிலா, பின்னா என்று ஒரே சபைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இத்தனை தரப்பாரும் விரிப்பது ஒரே நூலைத்தான்.

இதுவரை இது படித்தவர்கள் பண்போடு நடத்தும் வாதம். ஒருவர் எழுந்து நாள் குறிக்கும்போதுதான் அது வீட்டுக்குள் நுழைகிறது.

வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி. 1812ஆம் ஆண்டுப் போரில் பணியாற்றியவர். ஊர் மதித்த நேர்மையான மனிதர். தானியேல் நூலில் 2,300 நாள்கள் என்று ஒரு கணக்கு வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு என்று அவர் கொண்டார். ஜெருசலேம் தொடர்பாகப் பாரசீக மன்னர் ஆணை பிறப்பித்த கி.மு. 457இலிருந்து எண்ணத் தொடங்கினார். 2,300இல் 457 போனால் 1843. பல ஆண்டுகள் தயங்கிவிட்டு 1831இல்தான் பேச ஆரம்பித்தார். 1844 மார்ச் மாதத்துக்குள் நடக்கும் என்றார். நடக்கவில்லை. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையில் சுழியம் என்று ஓர் ஆண்டு கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆகஸ்ட்டில் சாமுவேல் ஸ்னோ என்ற சீடர் இன்னும் துல்லியமாக ஒரு நாளைச் சொன்னார்: 1844 அக்டோபர் 22. மில்லரே அந்தத் தேதியை அக்டோபர் மாதம் பிறந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். அதற்குள் மக்கள் அவரை முந்திப் போயிருந்தார்கள்.

அந்த இயக்கத்தில் 50,000 பேருக்குக் குறையாமல் இருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. கடையை மூடியவர்கள் உண்டு. விளைந்த பயிரை வயலிலேயே விட்டவர்கள் உண்டு. அறுவடை செய்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமே என்ற தயக்கம்! அக்டோபர் 22 நள்ளிரவு கடந்தது. விடியும்வரை அழுதுகொண்டிருந்ததாக ஹைரம் எட்சன் என்பவர் பிறகு எழுதிவைத்தார். அந்த நாளுக்கு வரலாற்றில் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே பெயர்.

அதன் பிறகும் கணக்கு நிற்கவில்லை. 1948இல் இஸ்ரேல் நாடு உருவானது. மத்தேயு 24இல் ‘இந்தச் சந்ததி’ என்று வருவதை அதோடு இணைத்தார்கள். ஒரு சந்ததிக்கு 40 ஆண்டு என்று கூட்டினால் 1988. எட்கர் விஸ்னன்ட் என்பவர் அந்த ஆண்டு செப்டம்பரில் நடக்கும் என்று 88 காரணங்களை அடுக்கிப் புத்தகம் எழுதினார். லட்சக்கணக்கில் அது பரவியது. செப்டம்பர் கடந்ததும் 1989க்கு இன்னொரு புத்தகம் எழுதினார். அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் வேறு கணக்குப் போட்டார். நோவாவின் வெள்ளம் கி.மு. 4990இல் வந்தது, அதிலிருந்து 7,000 ஆண்டு என்று எண்ணி 2011 மே 21 என்றார். பல நாடுகளில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர், தம் சேமிப்பிலிருந்து 140,000 டாலரை எடுத்து விளம்பரத்துக்குக் கொடுத்தார். மே 21 மாலை அவர் டைம்ஸ் சதுக்கத்தில் நின்று காத்திருந்தார். கேம்பிங் மறுபடி அக்டோபர் 21 என்றார். அதுவும் தவறிய பின், 2012இல், நாள் குறித்தது பாவம் என்று எழுதி ஒப்புக்கொண்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். விஸ்னன்ட் நாசாவில் வேலை பார்த்த பொறியாளர். கேம்பிங் கட்டுமானப் பொறியாளர். இவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எக்செல் தாளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது புரியும். கீழே இருக்கும் சூத்திரங்கள் அத்தனையும் சரியாக இருக்கும். முதல் கட்டத்தில் போட்ட எண்தான் ஊகம். ஒரு நாள் ஓர் ஆண்டு, ஒரு சந்ததி 40 ஆண்டு, வெள்ளம் வந்தது இந்த ஆண்டு என்று தொடக்கத்தில் நாமே ஒன்றை வைத்துவிட்டால், கடைசியில் வருகிற விடை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தாலும் அந்த ஊகத்தைவிட உறுதியாகிவிடாது. அதே மத்தேயு 24ஆம் அதிகாரத்தில், அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது, தேவதூதர்களுக்கும் தெரியாது என்று இயேசு சொல்வதாக இருக்கிறது. நாள் குறித்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தவர்கள்தான். நாளும் நேரமும்தானே தெரியாது, ஆண்டு தெரியலாமே என்று ஒரு சந்து கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாமல் என்னைத் தடுப்பவர் ஒரு தோழி. பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்தவர். 1998இல் எஸ்பிஎம் எழுதி நல்ல தேர்ச்சி பெற்றார். படிவம் ஆறுக்குப் போக ஆசை. அந்தச் சமயம் வெளியூரிலிருந்து வந்துபோன ஓர் ஊழியர், 2000ஆம் ஆண்டோடு எல்லாம் முடிந்துவிடும் என்று ஜெபக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தார். தோழியின் அப்பா நம்பினார். “ரெண்டு வருஷத்துல ஆண்டவர் வரப்போறாரு, படிச்சு என்னம்மா செய்யப்போற?” என்று கேட்டாராம். தோழி தொழிற்சாலைக்குப் போனார். 2000 ஜனவரி முதல் நாள் காலை அப்பா வழக்கம்போல் எழுந்து பால் வெட்டப் போனார். அதைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

தோழிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். வேலை முடிந்து வாரத்தில் மூன்று இரவு கணக்கியல் படிக்கிறார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்கும் போகிறார். அப்பா மேல் கோபமா என்று கேட்டேன்.

“எங்கப்பா ஆண்டவர் மேல வெச்ச நம்பிக்கை பொய்யில்லைங்க. ஆனா தேதி சொன்னவரு அதுக்கப்புறம் எங்க வீட்டுப் பக்கமே வரல” என்றார்.

கிறிஸ்துவர்களின் மூல நூலே இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறது. கிரேக்க நாட்டு நகரமான தெசலோனிக்கேயில் இருந்த சபைக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில், அந்த நாள் வந்தேவிட்டது என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள் என்ற அறிவுரை இருக்கிறது. அங்கே சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். அமைதியாக உழைத்துத் தங்கள் சாப்பாட்டைச் சாப்பிடட்டும் என்று அதே நிருபம் கண்டிக்கிறது. மத்தேயு 24ஆம் அதிகாரமும் கடைசியில் ஒரு வேலைக்காரனிடம்தான் போய் நிற்கிறது. எசமான் திரும்பி வரும்போது, வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பவன் பாக்கியவான் என்கிறது.

மில்லரின் ஆட்களில் ஒரு பகுதியினர் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் 1844க்கு ஆன்மிகமாக வேறொரு விளக்கம் கண்டார்கள். 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். வருகையை இன்றும் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் சபையாக நாள் குறிப்பதில்லை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டினார்கள். 1924இல் தொடங்கிய பினாங்கு அட்வென்டிஸ்ட் மருத்துவமனை நம்மில் பலருக்குத் தெரிந்த இடம். உலகம் முடியப்போகிறது என்று வயலை விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள், நூறாண்டு நிற்கும் ஒன்றை நம் ஊரில் எழுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் யாராவது தேதியோடு வந்தால் வசனத்துக்கு வசனம் வாதாட வேண்டாம். அதில் நமக்குத் தேர்ச்சி போதாது. வாதாடினால் அவர்கள் பிடி இன்னும் இறுகும். ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். இந்தத் தேதியை நம்பி எதை நிறுத்தப் போகிறீர்கள்? பிள்ளையின் படிப்பையா, அம்மாவின் மருந்தையா, வேலையையா, இபிஎஃப் பணத்தையா? நாளை வருவார் என்று எதிர்பார்த்து இன்று ஒருவருக்குக் கூடுதலாக உதவி செய்தால், நாள் தவறினாலும் யாருக்கும் நட்டமில்லை. நாள் தவறினால் திரும்பப் பெற முடியாத ஒன்றை விடச் சொன்னால், அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

1780 மே 19 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நண்பகலில் இருட்டிவிட்டது. பறவைகள் கூட்டுக்குத் திரும்பின. காட்டுத்தீப் புகையும் மேகமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது இன்றைய விளக்கம். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்ட புகைமூட்டத்தைப் பார்த்த நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு தெரியும். அன்று பலர் நியாயத்தீர்ப்பு நாள் என்றே நம்பினார்கள். கனெக்டிகட் ஆட்சி மன்றத்தில் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ஏப்ரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். இது அந்த நாள் இல்லை என்றால் கலைவதற்குக் காரணமில்லை. அந்த நாள்தான் என்றால், தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது தம்மைக் காணட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பிறகு மெழுகுவத்திகளைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டம் தொடர்ந்தது.